அழுகைக்கு மட்டும் வேறு ஆள்

பக்கத்து வீட்டு டிவியில் என் அக்கா யாரையோ கன்னாபின்னாவென்று திட்டிக்கொண்டிருந்தாள். காய்கறிப் பையோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்த நான் பாதியில் அப்படியே நின்றுவிட்டேன். "உன்னையெல்லாம் வாசலோட நிறுத்தியிருக்கணும்! உள்ள விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்!" அக்காவின் குரலேதான். எனக்குப் பேச்சு சொல்லிக்கொடுத்த குரல், சந்தேகம் வருமா? ஆனால் அந்தக் குரல் கத்தி நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

கதவைத் தட்டக்கூட இல்லை, நேராக உள்ளே போய்விட்டேன். டிவியில் எந்த ஊர்க்காரி என்றே தெரியாத ஒரு செம்பட்டை முடிக்காரி, காதில் பெரிய பெரிய வளையம், கையை ஆட்டி ஆட்டி ஒரு வேலைக்காரப் பெண்ணை விரட்டிக்கொண்டிருந்தாள். வாய் அவளுடையது, குரல் என் அக்காவுடையது. "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வீட்டுக்குள் போனால் அந்த மகராசி சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"டிவில கத்துறது நீயா?"

"எது, அந்தக் கம்மல்காரியா? ஆமா. நல்லா இருந்துச்சா?"

கையிலிருந்த பையைக் கீழே விட்டேன். தக்காளி ஆளுக்கொரு திசையில் உருண்டது. "நல்லா இருந்துச்சாவா? எப்ப இருந்து நடக்குது இது? எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா ஊருக்கே சொல்லிடுவ. உருப்படியா ஏதாவது பண்ணிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்." சொல்லிவிட்டு அடுத்த பட்டாணியை எடுத்தாள். ஊருக்கே சொல்லிவிடுவேன் என்பது உண்மைதான். அதற்காகக் கூடப் பிறந்தவளிடம் மறைப்பதா? எனக்கு வந்த கோபத்துக்குத் தக்காளியைக்கூடப் பொறுக்கவில்லை, அவளே பொறுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கள் வீட்டைப் பற்றிச் சொன்னால்தான் நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்று உங்களுக்குப் புரியும். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் பிறவியிலேயே காது கேட்காது, அதனால் பேச்சும் வரவில்லை. அப்பா முன்னறையில் தையல் மெஷின் போட்டுக்கொண்டு பேன்ட்டைக் குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று வேலை பார்க்கிறவர். அம்மா சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாங்கள் இரண்டு பெண்கள். எங்களுக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் வீட்டுக்குள் பேச்செல்லாம் கையாலும் உதட்டாலும்தான். எதிரே நின்று, முகத்தில் வெளிச்சம் படும்படி பார்த்துக்கொண்டு, உதட்டை நன்றாகத் திறந்து மூடி, சத்தமே போடாமல் பேசுவோம். அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் காலை ஓங்கி உதைக்க வேண்டும், அதிர்வு தெரிந்து திரும்புவார். அம்மாவைக் கூப்பிட விளக்கை அணைத்து அணைத்துப் போட வேண்டும்.

காது கேட்காதவர்கள் வீடு அமைதியாக இருக்கும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். தனக்குக் கேட்காத சத்தத்தை யார் அடக்கி வைப்பார்கள்? அம்மா பாத்திரம் கழுவினால் தெருமுனை வரை கேட்கும். அப்பா நாற்காலியை இழுத்தால் கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்துவிடுவார். அவர் வாசலில் நின்று கத்துவார், அக்கா நடுவில் நின்றுகொண்டு அப்பாவிடம் கையால், "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு கேக்கிறார்" என்பாள். அப்பா முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக் குலுக்குவார். மனுஷன் திகைத்துப்போய் இறங்கிப் போய்விடுவார்.

அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். வீட்டுக்குக் காது அவள்தான். டாக்டர், பேங்க், பள்ளிக்கூடம், எங்கே போனாலும் அப்பா அம்மாவுக்கும் உலகத்துக்கும் நடுவில் அவள் நின்றாள். அவள் பேச்சைக் கற்றுக்கொண்டது பக்கத்து வீட்டுச் சமையலறையில். எனக்குப் பேச்சு வந்தது அவளிடமிருந்து. நான் வாயாடி ஆனேன், அவள் வாயைத் திறந்தால் அளந்து பேசுகிறவள் ஆனாள். அப்படிப்பட்டவள் ஊர் பேர் தெரியாத ஒருத்திக்காக டிவியில் தொண்டை கிழியக் கத்துகிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

விஷயத்தை மெல்ல மெல்ல வாங்கினேன். அக்கா ஒரு பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் இருந்தாள். ஒரு நாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்ட ஒருத்தர், வாய் நிறையப் பஞ்சைக் கடித்துக்கொண்டு கையை ஆட்டி ஏதோ சொல்லிப் பார்த்திருக்கிறார். டாக்டருக்கும் புரியவில்லை, நர்ஸுக்கும் புரியவில்லை. அக்கா மேஜையை விட்டு எழுந்திருக்காமலே, "அவரோட வண்டிச் சாவி நாற்காலி இடுக்குல விழுந்துடுச்சாம். அப்புறம் ஊசி வேண்டாமாம், மாத்திரையே போதுமாம்" என்றாளாம். அந்த மனுஷர் வலியை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

பஞ்சு எடுத்த பிறகுதான் அவர் யாரென்று தெரிந்தது. வெளிநாட்டுத் தொடர்களுக்கு நம் பாஷையில் குரல் கொடுக்க ஆள் பிடித்துத் தருவது அவர் வேலை. "வாயே திறக்காதவன் பேசுறதைப் புரிஞ்சுக்கிறீங்களே, அடுத்தவன் வாயைப் பார்த்துக்கிட்டே பேச வருமா?" என்று கேட்டிருக்கிறார். இவள், "எனக்குப் பேசவே சரியா வராது சார்" என்றிருக்கிறாள். "வந்துதான் பாருங்களேன்" என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் பல்வலிக்காரர்தான்.

போன முதல் நாளே ஒரு கூத்து. சந்தைக் காட்சி, பத்துப் பேர் கும்பலாக நின்று சலசலவென்று பேச வேண்டும். என்ன வேண்டுமானாலும் பேசலாம். அக்காவும் பின்வரிசையில் நின்று காட்சி முடிகிற வரை பேசியிருக்கிறாள். முடிந்ததும் பக்கத்தில் நின்றவர், "ஏம்மா, நீ ஏன் சும்மா வாயை மட்டும் அசைச்ச?" என்று கேட்டிருக்கிறார். இவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதற்றத்தில் வீட்டுப் பழக்கம் வந்துவிட்டது, சத்தமே போடாமல் ஒரு காட்சி முழுக்கப் பேசியிருக்கிறாள். குரல் கொடுக்கப் போன இடத்தில் குரலை மட்டும் கொடுக்காமல் வந்த ஒரே ஆள் என் அக்காவாகத்தான் இருப்பாள்.

அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மைக்கின் முன்னால் நிற்கும்போது இடது கையைத் தொண்டையில் வைத்துக்கொள்வாள். கையில் அதிர்வு தெரிந்தால் சத்தம் வருகிறது என்று அர்த்தம். அதன் பிறகு பிரச்சினை இல்லை. மற்றவர்கள் தாளைப் பார்ப்பார்கள், திரையைப் பார்ப்பார்கள், அதற்குள் படத்தில் இருக்கிறவள் வாயை மூடியிருப்பாள், இவர்கள் வாக்கியம் பாதியில் நிற்கும். அக்கா தாளை ஒரு தடவைதான் பார்ப்பாள். அப்புறம் கண் உதட்டை விட்டு நகராது. அந்த உதடு திறந்தால் திறப்பாள், மூடினால் மூடுவாள். எங்கள் வீட்டில் வாழ்ந்தவளுக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை.

இதையெல்லாம் கேட்டபோதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. சில மாதங்களாக அவள் அடிக்கடி துணி அலமாரிக்குள் போய், கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். எவனோடோ போனில் பேசுகிறாள், நல்லது நடந்தால் சரி என்று நானும் பெருந்தன்மையாகக் கண்டும் காணாமல் இருந்தேன். பார்த்தால் பயிற்சியாம். அம்மாவின் பாத்திரச் சத்தத்திலிருந்து தப்பிக்க வீட்டில் வேறு இடம் இல்லையாம். எனக்குள் ஓடிய கல்யாணக் கனவெல்லாம் ஒரு நொடியில் கம்பளியோடு மடங்கிப்போனது.

அப்பா அம்மாவுக்குக் காட்ட வேண்டாமா? இருவரையும் டிவியின் முன்னால் உட்கார வைத்தோம். கம்மல்காரி வந்து கத்தினாள். அப்பா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இவ உதடு ஒண்ணும் புரியலையே, வேற பாஷை" என்று கையை விரித்தார். உண்மைதானே, அந்த உதடு பேசுவது அவள் ஊர்ப் பாஷை. அம்மா திரையின் மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டு அக்காவைப் பார்த்து, "நீ எங்க?" என்று கேட்டாள். அக்கா தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். அம்மா விருந்தாளி சொல்வதற்குத் தலையாட்டுகிற மாதிரி ஒரு தலையாட்டல் ஆட்டினாள். அக்கா செய்கிற வேலை அவர்கள் காதுக்கும் எட்டாது, கண்ணுக்கும் எட்டாது. அக்காவோ, "விடு, அவங்க எப்ப டிவி பார்த்தாங்க" என்று எழுந்து போய்விட்டாள்.

அப்புறம்தான் அந்தப் பெரிய வாய்ப்பு வந்தது. தினமும் வருகிற நீளமான தொடர், கதாநாயகிக்கே குரல். பல்வலிக்காரர் ஓடி ஓடி ஏற்பாடு செய்தார். டப்பிங்கை நடத்துகிற பெண்மணியை எல்லோரும் மேடம் என்பார்கள். குட்டை முடி, கழுத்தில் தொங்குகிற கண்ணாடி, வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். அக்கா பேசிக் காட்டிய காட்சிகளைக் கேட்டுவிட்டு, "உதட்டுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு" என்றாராம். தையல்காரர் மகள் என்று அவருக்கு யார் சொன்னது?

தினமும் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை. அதனால் அக்கா கிளினிக்கை விட்டுவிட்டாள். பல் டாக்டரும், "ரொம்ப வருத்தம்மா" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் தன் மச்சினியை அந்த மேஜையில் உட்கார வைத்துவிட்டார். திரும்பிப் போக இடமில்லை என்று அக்காவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முதல் நாள் வேலையே ஒரு அழுகைதான். ஆஸ்பத்திரி நடைபாதை. கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்து தலையை அசைப்பார். கதாநாயகியின் குழந்தை போய்விட்டது. அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்து வெகுநேரம் அழுவாள். "இவ கதை பூராவும் அழப் போறா. இந்த அழுகை சரியா வந்துட்டா மீதி தானா வந்துடும்" என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

அக்கா மைக்கின் முன்னால் நின்றாள். காட்சி ஓடியது. சவுண்ட் இன்ஜினியருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து எழுந்து வந்து பார்த்தார். ஒயர் சரியாக இருந்தது. மைக்கையே மாற்றினார். மறுபடி ஓடியது, மறுபடி ஒன்றுமில்லை. அப்போதுதான் மேடம் நிமிர்ந்து தடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். அக்காவின் முகம் கோணிப்போய், கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, கண்ணிலிருந்து தண்ணீர் தாளில் சொட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜினியரின் பெட்டியில் சத்தத்தை அளக்கிற முள் அசையவே இல்லை. இன்ஜினியர் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாராம்.

"நாளைக்கு ஒரு நாள் பார்ப்போம்மா" என்றார் மேடம். "வரலைன்னா அழுகைக்கு மட்டும் வேற ஆள் போடணும். ஆனா பேச்சு ஒரு குரல், அழுகை ஒரு குரல்னா ஒட்டாது. அப்ப மொத்தமாவே வேற ஆளுக்குத்தான் கொடுக்கணும். தப்பா எடுத்துக்காதீங்க."

அக்கா வீட்டுக்கு வந்து இதை யாருக்கோ நடந்தது மாதிரி என்னிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டேன். "அழறது ஒரு வித்தையா? இதுக்குப் போயா? நான் சொல்லித் தரேன், வா."

அழுது காட்டினேன். எனக்கு அது கை வந்த கலை. சினிமாவில் நாய் செத்தாலும் அழுவேன், பஸ் போய்விட்டாலும் அழுவேன். அவள் என்னைப் பார்த்து, "ஆ... ஆ..." என்றாள். தொண்டையைக் காட்டச் சொன்ன டாக்டரிடம் காட்டுகிற மாதிரி இருந்தது. "அது இல்லக்கா. நிஜமா எதையாவது நினைச்சுக்கோ, தானா வரும்" என்றேன். அவள் கண்ணை மூடினாள். எதை நினைத்தாளோ தெரியாது, முகம் அப்படியே உடைந்தது. வாய் அகலமாகத் திறந்தது, தோள் குலுங்கியது, கண்ணீர் கொட்டியது. சத்தம் இல்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. சமையலறையில் அம்மா ஏதோ மூடியைப் போட்ட சத்தம்தான் கேட்டது.

அவள் அழுது நான் முன்னாலும் பார்த்திருக்கிறேன். கேட்டதில்லை. இத்தனை வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தும் அது எனக்கு உறைக்கவே இல்லை.

அந்த நேரம் பார்த்து அம்மா ஈரக் கையோடு வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏன் அழறா?" என்று என்னைக் கேட்டாள். கையாலும் உதட்டாலுமாக நான் விஷயத்தைச் சொன்னேன். அழ வேண்டும், ஆனால் சத்தமாக அழ வேண்டும், இவளுக்கு அது வரவில்லை. அம்மா சிரித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அம்மாவின் கை கதை சொல்ல ஆரம்பித்துவிட்டால் வேகம் பிடித்துவிடும்.

"இவ குழந்தையிலயே இப்படித்தான்" என்றது அம்மாவின் கை. "முதல்ல எல்லாக் குழந்தையும் மாதிரி வாயைத் திறந்து கத்தியிருப்பா போல. எனக்கென்ன தெரியும்? நான் பாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் இவளே புரிஞ்சுக்கிட்டா. முகத்தை என் பக்கம் திருப்பி வெச்சுக்கிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கிட்டு, நான் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் காத்துக்கிட்டே இருப்பா. நான் பார்த்தாதான் அழுவா. அவ்வளவு நல்ல குழந்தை." அப்புறம் என் பக்கம் திரும்பி மூக்கைச் சுருக்கினாள். "நீதான் அழுமூஞ்சி. நாள் பூரா கத்துவ."

எனக்கு ரோஷம் வந்தது. "நான் கத்தினது உனக்கு எப்படித் தெரியும்?"

இது என்ன கேள்வி என்பது போல அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைக் காட்டினாள். "அவதான் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாளே."

சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. நான் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் அழுதால் ஓடி வர ஒருத்தி இருந்திருக்கிறாள், அதனால்தான் நான் இன்று வரைக்கும் கூரை பறக்க அழுகிறேன். அவள் அழுதபோது இந்த வீட்டில் காது கேட்கிற ஆளே இல்லை. பிறந்த சில மாதத்திலேயே ஒரு குழந்தைக்கு அது புரிந்து, வாயை மூடிக்கொண்டு, திரும்பாத ஒரு முதுகைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது. அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததுதான் தாங்க முடியவில்லை.

"ஏன்டி இப்படி உட்கார்ந்துட்ட? தரை ஈரம்" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் பழைய ஆளாகிவிட்டிருந்தாள்.

மறுநாள் நான் வேலை பார்க்கும் பேக்கரிக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினேன். அந்த இடத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். சுவரெல்லாம் சாம்பல் நிற மெத்தை ஒட்டிய சின்ன அறை, ஒரு மைக், ஒரு திரை, தாளை வைக்க ஒரு கம்பி. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இன்ஜினியரும் அவருடைய பெட்டிகளும், உள்ளே பேசுவது வெளியே கேட்க ஒரு ஸ்பீக்கரும், மேடம் உட்கார ஒரு சோபாவும். கதவுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே வேலை நடக்கிறது, யாரும் கதவைத் தொடக் கூடாது. "எரியிறப்ப தும்மல் வந்தாக்கூட முழுங்கிடணும். கதவைத் திறந்த ஒருத்தரை மேடம் அன்னைக்கே அனுப்பிட்டாங்க" என்று அக்கா வழியிலேயே எனக்குப் பாடம் நடத்தியிருந்தாள்.

காட்சி ஓடியது. அக்கா அழுதாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. இன்ஜினியர் திரையைப் பார்க்காமல் தன் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் மிட்டாயைக் கடித்து நொறுக்கிவிட்டு, அக்காவை வெளியே வரச் சொன்னார். அக்கா வந்து சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்ன சொல்லப் போகிறார் என்பது மேடத்தின் முகத்திலேயே எழுதியிருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? "மேடம், அழுகைக்கு நான் வரேன்" என்று எழுந்துவிட்டேன். "வேற ஆள் போட்டா ஒட்டாதுன்னு சொன்னீங்களாமே. நான் இவ தங்கச்சி. ஒரே வீட்டுக் குரல், ஒட்டும். அழறதுல என்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

இன்ஜினியர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மேடம் என்னை மேலும் கீழும் பார்த்தார். எப்படியும் வேறு ஆளைத்தான் தேட வேண்டும், இதையும் பார்த்துவிடுவோம் என்று நினைத்திருப்பார். "சரி, போங்க" என்றார்.

உள்ளே போய் நின்றேன். ஹெட்போனை மாட்டினார்கள். விளக்கு எரிந்தது. டாக்டர் தலையை அசைத்தார், அந்தப் பெண் சுவரோடு சரிந்தாள். அவளையா பார்த்தேன் நான்? உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரு குழந்தை யாரோ திரும்புவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் பார்த்தேன். அவ்வளவுதான், அணை உடைந்தது. ஓவென்று கத்தி அழுதேன். வாயசைவாவது ஒன்றாவது, திரையே எனக்குத் தெரியவில்லை.

படாரென்று கதவு திறந்தது. "என்னடி? என்ன ஆச்சு? எங்க வலிக்குது?" அக்கா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள். பின்னால் மேடம், "விளக்கு எரியுதும்மா! விளக்கு எரியுது!" என்று கத்துகிறார். இன்ஜினியர் காதிலிருந்து ஹெட்போனைப் பிடுங்கி எறிந்துவிட்டார். அக்கா தலையை நிமிர்த்தி அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அந்த விளக்கின் கீழே மூச்சைக்கூட அடக்கி நின்றவள் அவள். "நான் எப்ப உள்ள வந்தேன்?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னேன். "பார்த்தியா? நான் அழுதா நீ வந்துடுவ. எனக்கும் காது நல்லாக் கேக்கும்க்கா. நான் அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான் நிக்கிறேன். நீ அழு."

"லூசு" என்றாள். ஆனால் என் முகத்தை விடவில்லை. "வருவியா?" என்று கேட்டாள்.

"விளக்கு எரியிறப்ப வந்தா மேடம் கொன்னுடுவாங்க. ஆனா கேட்டுக்கிட்டே இருப்பேன்."

மேடத்துக்கு எங்கள் கதை எதுவும் தெரியாது. தெரியாவிட்டாலும் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கடைசியா ஒரு தடவை" என்று மட்டும் சொன்னார். நான் வெளியே வந்து கண்ணாடியை ஒட்டி நின்றேன். உள்ளே அக்கா தொண்டையில் கையை வைத்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது.

டாக்டர் வந்தார், தலையை அசைத்தார். அந்தப் பெண்ணின் உதடு நடுங்கியது. அக்காவின் வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. தொண்டையிலிருந்த விரல்கள் அழுந்தின. அவள் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு ஏதோ ஒன்று வந்தது. அதை அழுகை என்றே சொல்ல முடியாது. ரொம்ப நாளாகத் திறக்காத குழாயில் தண்ணீருக்கு முன்னால் காற்று இருமிக்கொண்டு வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். இன்ஜினியரின் பெட்டியில் முள் துள்ளியது. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி ஒரு இருமல். அதற்குப் பிறகு வந்தது பாருங்கள், அந்தச் சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். பெரிய பெண்பிள்ளை அழுகிற அழுகை இல்லை அது. கைக்குழந்தை பசிக்கு அழுகிற மாதிரி, வெட்கமே இல்லாமல், மூச்சு வாங்கி வாங்கி, விட்டுவிட்டு மறுபடி ஆரம்பித்து.

திரையில் அந்தப் பெண் அழுது முடித்து எழுந்து நடந்து போய்க்கொண்டிருந்தாள். உள்ளே அக்கா நிறுத்தவில்லை. உதட்டை விட்டு ஒரு நாளும் கண்ணை எடுக்காதவள் உதட்டை அடியோடு கோட்டை விட்டுவிட்டாள். காட்சியே முடிந்து திரை கறுத்துவிட்டது. மேடம் நிறுத்தச் சொல்லவில்லை. என் கை கதவுப் பிடியில் இருந்தது. அது எப்போது அங்கே போனது என்று எனக்கும் தெரியாது. உள்ளே போகாமல் நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அழுத சத்தம் கேட்டு ஓடாமல் நிற்பது இவ்வளவு கஷ்டமா? ஓடி ஓடியே வளர்ந்தவள் அவள், ஒரு தடவைகூட இதை என்னிடம் சொன்னதில்லை.

"உதட்டுக்கு ஒட்டல. நாளைக்குத் திரும்ப எடுத்துக்கலாம்" என்று மேடம் இன்ஜினியரிடம் மெதுவாகச் சொன்னார். "வேற ஆளுக்கு யாருக்கும் சொல்ல வேண்டாம்." கழுத்தில் தொங்கிய கண்ணாடியைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். முகமெல்லாம் ஈரம், மூக்கு சிவந்து கிடந்தது. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, எங்கள் வீட்டு வழக்கப்படி, சத்தமே இல்லாமல் உதட்டை நன்றாகத் திறந்து கேட்டாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றேன் நானும், அதே மாதிரி.

விளக்கு அணைந்தது. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன்.